ஊரிலை எவடம்?

வெளிநாட்டில் இரண்டு யாழ்ப்பாணத்தார் முதன்முதலாகச் சந்தித்தால் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. "ஊரிலை நீங்கள் எவடம்?" ஊரின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்தக் கோயிலுக்குக் கிட்ட, எந்தப் பள்ளிக்கூடம், இன்னாரைத் தெரியுமா என்று அது இறங்கிக்கொண்டே போகும். சாதியை நேரே கேட்க வெட்கப்படுகிறவர்கள் ஊரைக் கேட்கிறார்கள் என்பது கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும். ஆனாலும் இந்தக் கேள்வி முழுக்கக் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். அந்நிய நாட்டில் தனியே கிடக்கிறவனுக்குத் தன்னுடைய ஒழுங்கையை அறிந்த இன்னொருவரைக் காண்பதில் கிடைக்கும் ஆறுதல் பொய்யானதல்ல.

ஒருவர் ஓர் ஊரைச் சேர்ந்தவர் என்பதை யார் தீர்மானிப்பது? பிறப்பா, வாழ்ந்த வருடங்களா, அங்கே இப்போது இருப்பவர்களின் சம்மதமா? இந்தக் கேள்வியை நான் கொஞ்சம் தூரத்தில் வைத்துப் பார்க்க விரும்புகிறேன். சொந்த ஊரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நமக்குக் கண்ணீர் முந்திவிடுகிறது, யோசனை பிந்திவிடுகிறது. ஆகவே போலந்தின் தென்கிழக்கில் உள்ள ஸமோஷ்ச் என்ற சிறு நகரத்துக்கு உங்களைக் கூட்டிப்போகிறேன்.

எனக்கு அந்த ஊரின் பெயர் தெரியவந்தது பேர்லினில். 1985இல் நான் அங்கே வந்தேன். அந்த நாட்களில் எங்களில் பலர் வந்த வழிதான். கிழக்கு ஜேர்மனியின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்றிக்ஸ்ராஸ நிலையத்தால் மேற்கு பேர்லினுக்குள் வந்து, அகதி என்று பதிந்தேன். பின்னர் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். வேலை முடிந்து லாண்ட்வேர் கால்வாய்க் கரையால் நடந்து வருவேன். 1987இல் அந்தக் கரையில் றோசா லுக்சம்பேர்க்குக்கு ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள். 1919 ஜனவரி 15ஆம் திகதி இரவு அவரைக் கொன்ற படையினர் உடலை எறிந்தது அந்தக் கால்வாய்க்குள்தான். மே மாத இறுதியில்தான் உடல் மிதந்து வந்தது.

ஊரில் அரசியல் வகுப்புகளில் அவருடைய பெயரைக் கேட்டிருந்தேன். அங்கே அவர் ஒரு தத்துவப் பெயராக மட்டும் இருந்தார். கால்வாய்க் கரையில் நின்றபோதுதான் அவர் ஓர் ஆளாகத் தெரிந்தார். அவருடைய கதையை வாசிக்க வாசிக்க, எங்களுடைய விடுதியில் இருந்த யாரோ ஒருவரின் வழக்குக் கோப்பைப் படிப்பதுபோல் இருந்தது. 1889இல் பொலிசுக்குப் பயந்து நாட்டை விட்டு வெளியேறுகிறார். வைக்கோல் வண்டிக்குள் ஒளிந்து எல்லை கடந்ததாகச் சொல்லப்படுகிறது. சூரிச்சில் படித்து 1897இல் கலாநிதிப் பட்டம் பெறுகிறார். ஜேர்மனியில் தங்குவதற்குக் குடியுரிமை வேண்டும் என்பதற்காக 1898இல் குஸ்டாவ் லூபெக் என்ற ஜேர்மன் குடிமகனைக் கடதாசிக் கலியாணம் செய்கிறார். 1905 புரட்சிக்காலத்தில் வேறொரு பெண்ணின் பெயரில் பத்திரம் எடுத்து வார்சாவுக்குள் போகிறார். பிறந்த வருடம் 1871 என்று பெரும்பாலும் எழுதப்படுகிறது, 1870 என்று காட்டும் பத்திரங்களும் உண்டு. கடவுச்சீட்டில் ஒரு வயதும் சாதகத்தில் இன்னொரு வயதுமாகத் திரிகிற எங்களுக்கு இது விளங்காத விடயமல்ல.

பிறந்த இடம் என்ற இடத்தில் மட்டும் எல்லாப் புத்தகங்களும் ஒரே பெயரைச் சொல்லின: ஸமோஷ்ச்.

2019 கோடையில்தான் அங்கே போகக் கிடைத்தது. வார்சாவிலிருந்து லுப்ளின், லுப்ளினிலிருந்து பஸ். 60,000 பேரளவில் வாழும் ஊர். நடுவில் நூறு மீற்றர் நீளமும் நூறு மீற்றர் அகலமும் கொண்ட சதுர முற்றம், அதன் ஓரத்தில் அகன்ற படிக்கட்டுடன் நகரசபைக் கட்டடம், சுற்றிவர வண்ண வீடுகள். 1992இலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் பழைய நகரம் உள்ளது.

இந்த ஊர் தானாக வளர்ந்ததல்ல. யான் ஸமோய்ஸ்கி என்ற பிரபு, போலந்தின் பிரதம அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்தவர், 1580இல் தன் சொந்தக் காணியில் இதைக் கட்டுவித்தார். இத்தாலியில் பாதுவா நகரில் படித்த அவர் அந்தப் பாதுவாவிலேயே பிறந்த பெர்னார்டோ மொறாண்டோவை அழைத்து வரைபடம் போடச் சொன்னார். ஊரைக் கட்டினால் போதாது, ஆட்கள் வேண்டும். 1585இல் ஆர்மேனியர்களுக்கும், 1588இல் செபராட் யூதர்களுக்கும், 1589இல் கிரேக்கர்களுக்கும் குடியேறும் உரிமைப் பத்திரங்களை ஸமோய்ஸ்கி கொடுத்தார். செபராட் யூதர் என்போர் 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட சமூகத்தின் வழிவந்தவர்கள். துருக்கி, வெனிஸ் என்று அலைந்து இங்கே வந்தவர்கள். அதாவது இந்த ஊரின் முதல் குடிகளில் ஒரு பகுதி அகதிகளின் பேரப்பிள்ளைகள். முற்றத்தின் ஓரத்தில் உள்ள மிக அழகான வீடுகள் இன்றைக்கும் ஆர்மேனியர் வீடுகள் என்றே சொல்லப்படுகின்றன. அங்கே ஆர்மேனியச் சமூகம் இல்லாமற் போய் நெடுங்காலமாகிறது.

இந்த ஊரின் பெயர்பெற்ற மனிதர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் "ஊருக்குரியவர்" என்பதற்கு நாம் சொல்லும் இலக்கணம் ஒவ்வொன்றும் உடைந்துபோகிறது.

பிறப்புத்தான் அளவுகோல் என்றால் மொறாண்டோ ஸமோஷ்ச்காரர் அல்ல. ஆனால் ஊரின் ஒவ்வொரு மூலையும் அவர் கீறியது. நகரபிதாவாகவும் இருந்தார். 1600இல் அங்கேயே இறந்தார். பொலெஸ்வாவ் லெஷ்மியான் என்ற பெருங்கவிஞர் வார்சாவில் பிறந்தவர், யூதக் குடும்பத்தவர். 1922இலிருந்து 1935வரை இந்த ஊரில் நொத்தாரிசாக இருந்து உறுதிகள் எழுதினார். பகலில் காணி உறுதி, இரவில் கவிதை. பிறப்பை வைத்துப் பார்த்தால் அவரையும் வெட்டவேண்டும்.

வாழ்ந்த வருடங்கள்தான் அளவுகோல் என்றால் அலெக்சாண்டர் ஸெடர்பாவும் போய்விடுவார். 1816இல் இந்த ஊரில் பிறந்து, ஒடேசாவுக்குப் போய், 1860இல் ஹமேலிட்ஸ் என்ற எபிரேய வார இதழைத் தொடங்கியவர். பிறந்த ஊரை விட்டுப்போய் அந்நிய நகரத்தில் பத்திரிகை நடத்தியவர் என்றதும் எனக்கு நம்முடைய சிறுபத்திரிகைக்காரரின் நினைவு வந்தது.

ஊரின் மேல் வைத்த பாசம்தான் அளவுகோல் என்றால் முதலிடம் ஐ. எல். பெரெட்ஸுக்கு. 1852இல் இங்கே பிறந்து, இங்கேயே வழக்கறிஞராகத் தொழில் செய்தார். 1880களின் இறுதியில் றஷ்ய அதிகாரிகள் தொழில் உரிமையைப் பறித்ததும் வார்சாவுக்குப் போனார். இத்திஷ் இலக்கியத்தின் மூலவர்களில் ஒருவராக 1915இல் இறந்தார். நினைவுக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தபோது ஸமோஷ்ச்சின் தெருக்களைத்தான் எழுதினார்.

றோசா இந்த அளவுகோல்களில் ஒன்றுக்குத்தான் பொருந்துகிறார். இங்கே பிறந்தார், அவ்வளவுதான். 1873இல், அவர் கைக்குழந்தைப் பருவத்தைத் தாண்டும் முன்பே, மரவியாபாரியான தகப்பன் குடும்பத்துடன் வார்சாவுக்குப் போய்விட்டார். பின்னாளில் ஊர்ப்பற்றுப் பேசியவருமல்ல. 1917 பெப்ரவரியில் சிறையிலிருந்து ஒரு தோழிக்கு எழுதிய கடிதத்தில், யூதரின் துன்பத்துக்கென்று தன் நெஞ்சில் தனி மூலை கிடையாது என்றும், தென்னமெரிக்க ரப்பர்க் காடுகளில் வதைபட்டவர்களும் ஆபிரிக்காவின் கறுப்பு மக்களும் தனக்கு அதே அளவு அருகில் இருக்கிறார்கள் என்றும் கருத்துப்படச் சொன்னார். போலந்து தனி நாடாவதையும் அவர் ஆதரிக்கவில்லை. அந்த விடயத்தில் போலந்துக்காரர் பலருக்கு அவர்மேல் உள்ள கோபத்தை நான் புரிந்துகொள்கிறேன்.

கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் ஸ்தஷித்சா தெரு 37ஆம் இலக்க வீட்டில் அவர் பிறந்த வீடு என்று ஒரு பலகை பதித்தார்கள். அந்த வீடுதானா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. எப்படியோ பலகை இருந்தது. கம்யூனிசத்தைப் பரப்பும் பெயர்களையும் சின்னங்களையும் பொது இடங்களிலிருந்து அகற்றும் சட்டம் 2016இல் வந்து 2017இல் விரிவாக்கப்பட்டது. அதன்படி 2018 மார்ச் மாதம் மாகாண ஆளுநரின் உத்தரவில் பலகை கழற்றப்பட்டது. நான் போய் நின்றபோது வீடு இருந்தது, பலகை இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம் நியாயமானதா என்று பிறகு யோசித்தேன். பலகையைக் கழற்றியவர்களின் பக்கத்தில் ஒரு வாதம் உண்டு. போலந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு கட்சியின் கீழ் இருந்தது. 1956இல் பொஸ்னானிலும் 1970இல் பால்டிக் கரை நகரங்களிலும் தொழிலாளர்களைச் சுட்ட ஆட்சி அது. அந்த ஆட்சி பதித்த பலகைகளை ஏன் நாங்கள் தினமும் பார்த்துக்கொண்டு நடக்கவேண்டும் என்று கேட்பவர்களை மூடர் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் றோசா அந்த ஆட்சிக்குப் பல பத்து வருடங்கள் முன்பே கொல்லப்பட்டவர். 1918இலேயே லெனினின் கட்சி மாற்றுக் கருத்துக்காரரின் வாயை அடைப்பதை எதிர்த்து எழுதியவர். 1931இல் ஸ்டாலின் அவரைக் கண்டித்து எழுதினார். 1988 ஜனவரியில் கிழக்கு பேர்லினில் அவருடைய நினைவு ஊர்வலத்திலேயே அவருடைய வார்த்தைகளை எழுதிய பதாகைகளுடன் வந்தவர்களைக் கிழக்கு ஜேர்மன் பொலிஸ் பிடித்தது. அப்போது நான் மதிலுக்கு மற்றப் பக்கத்தில் இருந்தேன். ஒரு அரசு அவருடைய பெயரைத் தன் சுவருக்கு அலங்காரமாக எடுத்தது, இன்னொரு அரசு அந்த அலங்காரத்தைக் கழற்றியது. இரண்டுமே அவர் எழுதியதை வாசித்துவிட்டுச் செய்த வேலையாக எனக்குப் படவில்லை.

இதில் அநியாயம் யாருக்கு? அவருக்கு என்று சொல்ல வரவில்லை. ஊரென்று ஒன்றைத் தேடாத ஒருவருக்கு, ஊர் தன்னைத் தள்ளியதால் நட்டம் ஒன்றுமில்லை. நட்டம் அந்தத் தெருவில் இன்று பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத்தான் என்று நினைக்கிறேன். ஒருவரைப் பெருமைப்படுத்துவது வேறு, ஒருவர் இங்கே இருந்தார் என்று சொல்வது வேறு. முதலாவதைச் செய்ய வேண்டுமா என்று ஊர் கூடி விவாதிக்கலாம், மறுக்கவும் செய்யலாம். இரண்டாவது ஊரின் விருப்பத்துக்கு உட்பட்டதல்ல. அது நடந்த விடயம். பிடிக்காதவரைப் பற்றி அந்தப் பலகையிலேயே இரண்டு வரி கூட்டி எழுதலாம், நூதனசாலையில் விளக்கமாக வைக்கலாம். இல்லாமலாக்கினால் அந்த இடத்தில் ஒரு சிறிய பொய் குடிவந்துவிடும்.

இத்துடன் நிறுத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அந்த ஊரில் இன்னொரு தெருவுக்கும் போனேன். பெரெட்ஸின் பெயரில் உள்ள தெரு. அங்கே 1610களில் கட்டிய யூத ஆலயம் இருக்கிறது. போருக்குப் பின் நெடுங்காலம் பொது நூலகமாக இருந்து, 2011இல் திருத்தித் திறக்கப்பட்டது. சுவர் ஓவியங்களை அருமையாகத் திருத்தியிருக்கிறார்கள். வணங்கத்தான் ஆட்கள் இல்லை.

1939இல் ஊரின் சனத்தொகை ஏறத்தாழ 28,000. அவர்களில் 12,000 பேரளவில் யூதர். 1942 ஏப்ரலில் தொடங்கி அந்த வருட இலையுதிர்காலத்துக்குள் ஊரில் எஞ்சியிருந்த யூதரை ஜேர்மனியர் அப்புறப்படுத்திவிட்டனர். பெரும்பாலோர் போனது சுமார் 40 கிலோமீற்றர் தெற்கே உள்ள பெல்செக்குக்கு. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே சில மாதங்களுக்குள் கொல்லப்பட்டார்கள். அதே 1942 நவம்பரில் போலந்துக்காரர்களின் முறை வந்தது. ஜேர்மன் குடியேற்றத்துக்காக ஸமோஷ்ச் பிரதேசக் கிராமங்களிலிருந்து 1,10,000 பேர்வரை துரத்தப்பட்டனர். அவர்களில் 30,000 பேரளவில் குழந்தைகள். நகரத்துக்கே ஹிம்லரின் பெயரைச் சூட்டத் திட்டம் இருந்தது. அந்த மண்ணில் துரத்தப்படாத சமூகம் என்று ஒன்றுமில்லை.

பெரெட்ஸின் பெயரைத் தெருவுக்கு வைத்தவர்களை நான் பாராட்டுகிறேன். ஆனால் ஒன்று உறுத்தியது. பெரெட்ஸ் எழுதியது சுமைகூலிக்காரரையும் தண்ணீர் சுமப்பவரையும் ஏழைத் தையற்காரரையும் பற்றி. எழுதியவருக்குத் தெரு கிடைத்தது. எழுதப்பட்டவர்கள் 12,000 என்ற எண்ணுக்குள் போய்விட்டார்கள். அத்துடன், போருக்குப் பின் போலந்தின் பல ஊர்களுக்குத் திரும்பிய யூதர்கள் தங்கள் வீடுகளில் வேறு குடும்பங்களைக் கண்டார்கள். 1946 ஜூலையில் கீல்சே நகரில் தப்பிவந்த யூதர்களில் 40க்கும் மேற்பட்டோரைக் கும்பல் கொன்றது. உயிரோடு வாசலில் வந்து நின்றவனை வரவேற்காத நாடு, இறந்துபோன எழுத்தாளனுக்குத் தெரு கொடுக்கிறது. எந்த நாடும் அப்படித்தான் போலும். இனி வந்து சாவியைக் கேட்கமாட்டார் என்று நிச்சயமான பிறகுதான் வெளியேற்றப்பட்டவரை நாங்கள் ஊரின் மகனாக ஏற்றுக்கொள்கிறோம்.

"நாங்கள்" என்று தெரிந்தேதான் எழுதினேன்.

சில வருடங்களுக்கு முன் இங்கே எங்கள் ஊர்ச்சங்கம் ஓர் ஆண்டு மலர் வெளியிட்டது. அதில் "எமது ஊரின் பெருமக்கள்" என்று ஒரு பகுதி. பட்டியல் போடும் குழுவில் நானும் இருந்தேன். டொக்டர்மார், எஞ்சினியர்மார், அதிபர்கள், கோயில் தர்மகர்த்தாக்கள். ஒரு தம்பி எழும்பிச் சந்தியில் தையற்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரின் பெயரையும் போடவேணும் என்றான். தகப்பன் காலத்திலிருந்து அந்தச் சந்தியில் இருந்த குடும்பம். எங்கள் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை முழுக்க அவர் தைத்தது. காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அடுத்த மாதம் தரலாம் என்று சொல்லித் தைத்துக் கொடுத்தவர். என்னுடைய முதல் நீளக் காற்சட்டைக்கு அளவெடுத்ததும் அவர்தான்.

"அவர் எங்கடை ஊர் ஆள் இல்லையே" என்றார் தலைவர். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அடுத்த பெயருக்குப் போனோம்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குப் புலிகள் இரண்டு மணிநேரம் கொடுத்தார்கள். வடமாகாணம் முழுவதிலும் அந்த மாதம் வெளியேற்றப்பட்டவர்கள் 75,000 பேரளவில் என்பது பரவலான கணக்கு. அந்தப் பெரியவரும் அவர்களில் ஒருவர். நான் அப்போது பேர்லினில் இருந்தேன். செய்தி கேட்டேன். மனவருத்தப்பட்டேன். பிறகு வேலைக்குப் போனேன். நான் துரத்தவில்லை என்று சொல்லலாம், அது உண்மை. ஆனால் மலர்க் குழுவில் அந்தப் பெயரைக் கழற்றியபோது நான் அந்த மேசையில் இருந்தேன். அன்றைக்கு யாரும் துவக்கு வைத்திருக்கவில்லை. ஸ்தஷித்சா தெருவில் கோபப்பட்டு நின்றபோது இது எனக்கு நினைவு வரவில்லை என்பதுதான் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. லுப்ளினுக்குத் திரும்பும் பஸ்சில்தான் வந்தது.

ஊரை இழந்தவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. இழந்ததாலேயே ஊரின் உண்மை எங்களிடம் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறோம். மலர் போடுகிறோம், படம் சேர்க்கிறோம், பேரப்பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் இழந்தவன் நீதிமானாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. ஸமோஷ்ச்சின் மக்களும் இழந்தவர்கள்தான். எங்களுடைய துயரம் உண்மையானது. அது இன்னொருவரின் பெயரை வெட்டுவதற்கு எங்களுக்குக் கிடைத்த உத்தரவுப் பத்திரம் அல்ல. ஊருக்குரியவர் யார் என்று சரியாக வரையறுக்க என்னால் முடியவில்லை. ஒன்றுமட்டும் சொல்வேன். ஒருவரின் உழைப்பு எங்கள் உடம்பில் சட்டையாக இருந்திருந்தால், அவர் எந்த ஊர் என்று கேட்கும் உரிமை எங்களுக்குப் போய்விட்டது.

அடுத்த மலருக்கு வேலை தொடங்கியிருக்கிறது. பெயரைச் சேர்க்கவேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை. இதற்கிடையில் பலரிடம் விசாரித்துப் புத்தளத்தில் இருக்கும் அவருடைய மகனின் ரெலிபோன் இலக்கத்தை எடுத்தேன். தகப்பன் அங்கேயே மௌத்தாகிவிட்டார். நான் யார் என்று சொல்லி, விடயத்தையும் சொன்னேன். பழைய மலரில் நடந்ததையும் மறைக்கவில்லை. கொஞ்ச நேரம் அந்தப் பக்கத்தில் சத்தமில்லை.

பிறகு அவர் சொன்னார்: "பெருமக்கள் எண்டு போடுறதும் விடுறதும் உங்கடை விருப்பம் அண்ணை. அது எங்களுக்கு வேண்டாம். ஆனா வாப்பாட கடை சந்தியிலை எந்தப் பக்கம் இருந்தது எண்டு மட்டும் சரியாப் போடுங்கோ. இப்ப அதிலை வேறை கடை. என்ரை பிள்ளையள் கேட்டாக் காட்ட வேணும்."